பரீட்சையன்று பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு

வாங்க, உள்ள வாங்க. செருப்பு அங்கனயே கெடக்கட்டும், யாரும் எடுக்கமாட்டாங்க. மதுரையிலருந்தா வர்றீங்க? தனியாவா? அதுவும் நல்லதுதான். பொண்ணப் பத்தி விசாரிக்க வர்றவங்க கூட்டமா வரக்கூடாது. ஆளுக்கு ஒண்ணக் காதுல வாங்கிட்டுப் போயி வீட்டுல சண்டை போடுவாங்க. மாப்பிள்ளைக்கு அக்காவா நீங்க? சரி, சரி. அக்கான்னா அம்மாவுக்குச் சமானம்.

சுகப்பிரியாவப் பத்தித்தான? கேளுங்க. எந்தங்கச்சி விஜயராணி மகதான் அவ. கூடப்பொறந்தவ மகளுங்கிறதுக்காக மறைச்சுப் பேசுவேன்னு நெனைக்காதீங்க. நான் யாரப் பத்தியும் தப்பாப் பேசமாட்டேன். இந்தத் தெருவுல வேணா கேட்டுப் பாருங்க. ஆனா ஒருத்தர் வாசல் தேடி வந்து கேட்டுட்டா, உள்ளத உள்ளபடி சொல்லிருவேன். நாளைக்கு ஒரு குடும்பம் வந்து, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதான்னு என் மூஞ்சியில முழிக்கக் கூடாது பாருங்க.

பொண்ணு எப்படின்னா கேக்குறீங்க? ஒரே வார்த்தையில சொல்லணும்னா, திமிரு. வாய் பேசுற திமிரு இல்ல. பேசாத திமிரு. அது ரொம்ப மோசம். வாய் பேசுறவள நாலு வார்த்தை வஞ்சு அடக்கிப்புடலாம். பேசாதவள என்ன செய்ய?

அந்தக் கொரோனா வந்துச்சுல்ல, அப்ப ஒம்போது மாசம் இந்த வீட்டுல இருந்தா. அதான் எனக்கு அவளப் பத்தி அம்புட்டும் தெரியும். பெத்தவளுக்குக்கூட இம்புட்டுத் தெரியாது.

அவ அப்போ எம்.எஸ்ஸி. கணக்கு. திருச்சியில ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சா. இவங்க அப்பன் முத்துக்காளை மினிபஸ் டிரைவர், வருசநாட்டுப் பக்கம். மினிபஸ் ஓட்டுறவன் மகளுக்கு எம்.எஸ்ஸி. எதுக்குன்னு நான் அப்பவே கேட்டேன். பொறாமையில கேக்கலைங்க, சத்தியமா. விரலுக்குத் தக்க வீக்கம் வேணும்னு கேட்டேன். கேட்டதுக்கு எந்தங்கச்சி, "அவ நல்லாப் படிக்கிறாக்கா"ன்னா. நல்லாப் படிச்சா? நல்லாப் படிக்கிறவளுக கோடிப் பேரு இருக்காளுக.

திடீர்னு ஒருநாள் ஹாஸ்டல் காலி பண்ணுன்னுட்டான். ஒத்தப் பையோட வந்து இறங்கிட்டா. மறுநாள் பஸ்ஸெல்லாம் நின்னு போச்சு. முத்துக்காளைக்கு வேல இல்ல. முதலாளி வண்டிய ஷெட்டுல விட்டுப் பூட்டிட்டான், சம்பளம் கிடையாதுன்னுட்டான். அந்த ஆளு கம்பத்துப் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனாராம். எங்க வீட்டுக்காரர் கூட்டுறவு பேங்க்ல செக்ரட்டரி. கொரோனாவுல ஒத்தப் பைசா சம்பளம் குறையல. எதுக்குச் சொல்றேன்னா, வேலைன்னா அப்படி ஒரு வேலையாப் பாத்துச் சேந்திருக்கணும். ஸ்டியரிங்கப் புடிச்சிட்டு ஊரு சுத்துனா, நோய் வந்தா நடுத்தெருதான்.

காலேஜ்ல ஆன்லைன் கிளாஸ் ஆரம்பிச்சாங்க. அந்த ஊர்ல சிக்னலே கிடையாது. இவ தண்ணி டேங்க் படியில ஏறி உக்காந்து படிச்சாளாம். வீட்டுக்கு ஒரே போன். பத்தாவது படிக்கிற தம்பிக்கும் அதுதான். இவளுக்குக் கிளாஸ்னா அவனுக்குக் கிளாஸ் கிடையாது. ஒருநாள் மழையில டேங்க் படியிலருந்து வழுக்கி விழுந்து போன் டிஸ்பிளே நொறுங்கிப் போச்சு. விஜயராணி பக்கத்து வீட்டுப் போன்லருந்து எனக்குப் பேசி அழுதா. "அக்கா, உங்க வீட்டுல வைஃபை இருக்குல்ல, ஒரு மூலையில உக்காந்து படிச்சுக்குவாக்கா"ன்னா.

நான் யோசிக்கவே இல்லைங்க. அனுப்பு புள்ளையன்னுட்டேன். ஊரே ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போகப் பயந்த நேரம். எவ சேப்பா? நான் சேத்தேன். ஆனி மாசம் வந்தா. உடைஞ்ச போன், ரெண்டு நோட்டு, மூணு சுடிதார். வந்தன்னிக்குக் கையில ஒரு பழம் கிடையாது.

அந்த நேரம் நம்ம வீட்டுல வேல செஞ்ச பொம்பளைய நிப்பாட்டியிருந்தேன். நாலு வீட்டுக்குப் போறவ, எந்த வீட்டு நோயக் கொண்டாருவாளோன்னு. சுகப்பிரியா வந்ததுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. நான் அவள ஒரு வேல செய்யுன்னு சொன்னதில்லைங்க. அவளுக்குச் சும்மா உக்காந்து தின்னப் புடிக்காது, அவளாச் செஞ்சா. காலையில வாசத் தெளிக்கிறது, பாத்திரம், துணி, மதியச் சமையல். வேற என்ன பெரிய வேல? அதுவும் காதுல அந்த வயர மாட்டிக்கிட்டுத்தான். கைபாட்டுக்கு வெங்காயம் உரிக்கும், காதுபாட்டுக்குப் பாடம் கேக்கும். நானே ஒருநாள் சொன்னேன், "பாத்தியா, ஹாஸ்டல்ல இருந்திருந்தா சமையல் கத்திருப்பியா?"ன்னு.

ஒருநாள் அவங்க சாரு கிளாஸ்ல என்னமோ கேள்வி கேட்டாரு. இவ பதில் சொல்ல மைக்க ஆன் பண்ணவும், நம்ம குக்கரு விசிலடிக்கவும் சரியா இருந்துச்சு. கிளாஸே சிரிச்சிருச்சாம். சாரும் சிரிச்சு, "என்னம்மா சாம்பாரா?"ன்னு கேட்டாராம். இவ அந்தக் கணக்கப் பூராம் சொல்லி முடிச்சிட்டு, அப்புறம் போயி சொவத்தப் பாத்து நிக்கிறா. குக்கரு விசிலடிக்காம மந்திரமா சொல்லும்? இதுக்கெல்லாமா ஒரு பொண்ணு அழுகும்?

அழுகைன்னா அப்படி ஒரு அழுகைங்க அவளுக்கு. பாத்ரூமுக்குள்ள போயி பைப்பத் தொறந்து விட்டுட்டு அழுகுறது. இங்க தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருதடவ வருது. நான் கதவத் தட்டி, "அழுகுறதுன்னா பைப்ப மூடிட்டு அழு"ன்னேன். அன்னிக்கோட அந்தச் சத்தமும் நின்னு போச்சு.

என்னத்துக்கு அழுதான்னு எம்மகன் சரணு ஒருநாள் கேட்டிருக்கான். கூடப்படிச்சவ ஒருத்தி படிப்ப நிப்பாட்டிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டாளாம். இன்னொருத்திக்கு வீட்டுல கல்யாணத்த முடிச்சு வச்சிட்டாங்களாம். அதுக்கு அழுகை. ஒருத்தி சம்பாதிக்கப் போயிட்டா, ஒருத்திக்குக் கல்யாணம் ஆயிருச்சு. ரெண்டும் நல்ல காரியந்தானங்க? நல்ல சேதிக்கு அழுகுறவள என்னன்னு சொல்றது?

சோறும் ஒழுங்காத் திங்கமாட்டா. ரெண்டு கரண்டி வச்சா போதும்பா. முடியெல்லாம் கொட்டி, கூட்டுறப்ப வெளக்குமாத்துல பந்து பந்தா வரும். மெலிஞ்சாத்தான் அழகுன்னு இந்தக் காலத்துப் பொண்ணுகளுக்கு ஒரு நெனப்பு. நம்ம வீட்டுல சோத்துக்கா பஞ்சம்? சரணுக்கு ஆம்லெட் போடுறப்ப எல்லாம், "உனக்கும் வேணுமா?"ன்னு நான் கேட்டிருக்கேன். வேணாம்பா. வேணாங்கிறவ வாயில திணிக்கவா முடியும்?

சரணா? உள்ள தூங்குறான். மணி பதினொண்ணுதான ஆகுது, எந்திரிப்பான். பி.இ. முடிச்சிட்டான். கம்பெனிக்காரன் கூப்பிடுவான்னு காத்துக்கிட்டிருக்கான். அவனும் அப்ப வீட்டுலருந்துதான் படிச்சான். ஆனா அவன்கிட்ட இந்த அழுகை, நடிப்பு எதுவும் கிடையாது. கிளாஸ ஆன் பண்ணி வச்சிட்டு நிம்மதியாப் படுத்துக்குவான். கணக்குல ரெண்டு அரியர் கெடந்துச்சு. பரீட்சை வீட்டுலருந்தே எழுதலாம்னு ஆச்சுல்ல, அப்ப இவகிட்ட, "நீ எழுதிக் குடு, நான் பாத்து எழுதிப் பழகிக்கிறேன்"ன்னான். இவ எழுதிக் குடுத்தா. பிள்ளைக்குப் பாத்து எழுத நேரம் இல்ல, அதையே அனுப்பிட்டான். ரெண்டு அரியரும் க்ளியரு. அவன் மூளைக்கு முன்னாடியே ஆயிருக்க வேண்டியது, வாத்தியாருக சரியில்ல. நம்ம பிள்ளைகன்னா எப்பவும் ஒருபடி மேலதான். இவ என்ன, கொரோனா டிகிரி. புஸ்தகத்தப் பாத்துப் பாத்து எழுதுன டிகிரி.

இவ பாத்து எழுதுனத நான் கண்டனான்னு கேக்காதீங்க. ஊரே அப்படித்தான எழுதுச்சு.

அப்புறம் அந்தத் தோடு விசயம். தை மாசம் ஒருநாள் பாக்குறேன், காதுல தோடு இல்ல. ரெண்டு காதுலயும் வெளக்குமாத்து ஈர்க்க ஒடிச்சுச் சொருகி வச்சிருக்கா. "எங்கடி தோடு?"ன்னேன். "பரீட்சைப் பீஸ் கட்டியாச்சு பெரியம்மா"ங்கிறா, என்னமோ கடையில கொத்தமல்லி வாங்குனவ மாதிரி. மாடியில தெருப் பிள்ளைக நாலு பேருக்கு டியூசன் எடுத்து அந்தப் பீஸச் சேத்துக்கிட்டிருந்தா. எவன் வீட்டுப் பிள்ளை எந்த நோயக் கொண்டாருமோன்னு நாந்தான் நிப்பாட்டச் சொன்னேன். நம்ம வீட்டு நல்லதுக்குச் சொன்னது. அதுக்கு இவ பழி வாங்குறதப் பாருங்க. காதுல ஈர்க்கோட வாசத் தெளிச்சா, பாக்குறவுக என்ன நெனைப்பாக? பெரியம்மாக்காரி தோடக் கழட்டி வாங்கிட்டான்னு நெனைக்கமாட்டாக? கவரிங் தோடு ஒண்ணு கெடந்துச்சு, குடுத்தேன். ரெண்டே நாள்ல காது புண்ணாயி மறுபடி ஈர்க்கு. தங்கந்தான் கேக்குது அந்தக் காது!

இதையெல்லாம்கூட நான் பெருசா எடுத்துக்கலைங்க. சின்னப் பொண்ணுன்னு விட்டுட்டேன். ஆனா கடைசியில ஒண்ணு பண்ணா பாருங்க. அத மட்டும் என்னால மறக்க முடியாது. அதக் கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

மாசி மாசம். எங்க வீட்டுக்காரருக்கு ஒரு அக்கா, கஸ்தூரின்னு, கோயமுத்தூர்ல இருக்காங்க. பெரிய இடம். ஒரு வருசமா யாரும் எங்கயும் போகலல்ல, இப்பத்தான் கொஞ்சம் அடங்குதேன்னு குடும்பத்தோட வர்றேன்னு சொல்லிட்டாங்க. பன்னெண்டு பேரு. மதியச் சாப்பாடு. எங்க நாத்தனாரப் பத்தி உங்களுக்குத் தெரியாது. சோத்துல ஒரு கல்லு கெடந்தா அத அடுத்த தலைமுறைக்கும் சொல்லுவாங்க. நான் முதநாளே சுகப்பிரியாகிட்ட, "நாளைக்கு நீ எங்கயும் நகரக் கூடாது"ன்னேன். "நாளைக்கு எனக்குப் பரீட்சை பெரியம்மா. பத்து மணிலருந்து ஒரு மணி வரைக்கும்"ங்கிறா. பரீட்சைய எங்க போயி எழுதப் போறா? இதே வீட்டுலதான? எழுதிட்டே இடையில வந்து வடைய எடுத்துப் போட்டா என்ன கொறஞ்சு போகும்?

மறுநாள் விடிய முன்னாடி எந்திரிச்சு சாம்பாரு, ரசம், கூட்டு, பாயசம் எல்லாம் முடிச்சிட்டா. இல்லைங்கல. வடைக்கும் ஆட்டி வச்சிட்டா. பத்து மணிக்கு மாடி ரூமுக்குப் போயி கதவச் சாத்திட்டா. பதினொண்ணே காலுக்கு நான் கீழருந்து கூப்பிடுறேன். ஏறிப் போயித் தட்டுறேன். "பெரியம்மா, ஒரு மணிக்கு வந்துர்றேன்"னு உள்ளருந்து குரல் மட்டும் வருது. கதவத் தொறக்கல. என் வீட்டுக் கதவு, எனக்குத் தொறக்கல. எனக்கு முட்டிவலி, அடுப்படியில எண்ணெய் காயுது, நாத்தனாரு பாதி வழி தாண்டிட்டோம்னு போன் பண்றாங்க. எனக்கு எப்படி இருக்கும்?

கீழ வந்தேன். அந்த வைஃபை பெட்டி ஹால்ல லைட்டு மினுக்கிட்டு இருக்கு. ப்ளக்கப் புடுங்கிட்டேன்.

கோவத்துல இல்லைங்க. ரொம்ப நேரம் ஓடுனா அது சூடாகும். அதுவும் ஓய்வு எடுக்கணும்ல.

ஒரு மணிக்கு இறங்கி வந்தா. கையில ஒரு கத்தைப் பேப்பர். எழுதி முடிச்சிட்டாளாம். அத போட்டோ எடுத்து அரை மணி நேரத்துக்குள்ள அனுப்பணுமாம், இல்லேன்னா அப்சென்ட்டாம். அவ போனுல ரீசார்ஜ் கிடையாது, நம்ம வைஃபைதான். ப்ளக்கு தொங்குறதப் பாத்தா. என்னையப் பாத்தா. நான் வடைய எண்ணெயில போட்டுக்கிட்டிருக்கேன். பாத்துட்டு ஒரு வார்த்தை கேக்கலைங்க. "பெரியம்மா, போடுங்க"ன்னு ஒரு வார்த்தை. கேட்டிருந்தாப் போட்டிருப்பேன், நான் என்ன அரக்கியா? கேக்கல. செருப்ப மாட்டிக்கிட்டு, பேப்பரக் கையில புடிச்சிட்டு, அந்த வேகாத வெயில்ல இறங்கிப் போயிட்டா. பேசாத திமிருன்னு சொன்னேன்ல, இதுதான்.

எங்க போனான்னு நெனைக்கிறீங்க? மெயின்ரோட்டுல வாழைக்காய் மண்டி இருக்கு. அங்க தராசுல நிக்கிற ஆளுகிட்டப் போயி, "அண்ணே, உங்க போனுலருந்து நெட்டு குடுங்கண்ணே"ன்னு கேட்டிருக்கா. அந்த ஆளும் குடுத்திருக்கான். மண்டித் தரையில வாழைச்சருகு மேல பேப்பர விரிச்சுப் போட்டு, முட்டி போட்டு உக்காந்து, ஒவ்வொண்ணா போட்டோ எடுத்திருக்கா. பேப்பர் பறக்காம இருக்க சுமைதூக்குற ஆளுக நாலு பேரு சுத்தி நின்னு வாழைக்காயத் தூக்கி ஓரத்துல வச்சிருக்கானுக. எங்க வீட்டுப் பொண்ணு, நடுமண்டியில, ஆம்பளைக மத்தியில!

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, எங்க நாத்தனாரு வந்த வேனு அந்த மண்டி முன்னாடி லாரி மறிச்சு கால் மணி நேரம் நின்னிருச்சு. பன்னெண்டு பேரும் பாத்திருக்காங்க. வந்து உக்காந்ததும் உக்காராததுமா, "என்ன உங்க ஊர்ல, ஒரு பொம்பளப்புள்ள மண்டியில கெடந்து பேப்பரப் பொறக்குது, காதுல ஈர்க்கு, பாவமா இருந்துச்சு"ங்கிறாங்க. அப்பப் பாத்து இவ வாசப்படி ஏறி வர்றா. முட்டியெல்லாம் மண்ணு, மூஞ்சியெல்லாம் வேர்வை. எங்க நாத்தனாரு, "அட, இந்தப் புள்ளதான்! யாரு இது?"ங்கிறாங்க.

நான் என்ன சொல்றதுங்க? அம்புட்டுப் பேரு என் வாயையே பாக்குறாங்க. எந்தங்கச்சி மகளுன்னா சொல்ல முடியும்? "வேலைக்கு வர்ற பொண்ணு"ன்னுட்டேன்.

சொல்லத்தான் செஞ்சேன். அந்த நேரத்துக்கு ஒரு வார்த்தை. வீட்டு மானத்துக்கு. விவரமான பொண்ணா இருந்தா என்ன செய்யணும்? சிரிச்சிட்டு, "என்ன பெரியம்மா, வெளாடுறீங்க"ன்னு சொல்லிருக்கணும். இல்ல, உள்ள போயி இருந்திருக்கணும். இவ நேரா அடுப்படிக்குப் போயி, கை கால் கழுவி, இலையப் போட்டு, பன்னெண்டு பேருக்கும் பரிமாற ஆரம்பிச்சிட்டா. எங்க நாத்தனார "அம்மா"ங்கிறா. "அம்மா, இன்னொரு வடை வைக்கவா?"ங்கிறா. என்னையும் "அம்மா"ங்கிறா! ஒருதடவைகூட பெரியம்மான்னு வாய் வரல. சரணுக்குத் தண்ணி ஊத்துறப்ப, "எடுத்துக்கங்க தம்பி"ங்கிறா. அவன் தலையக் குனிஞ்சிக்கிட்டான். எங்க வீட்டுக்காரரு பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிட்டாரு. அவ ஒருத்தி நடிச்சு அம்புட்டுப் பேர் சாப்பாட்டையும் கெடுத்துப்புட்டா. எங்க நாத்தனாரு போறப்ப நூறு ரூபா நோட்ட எடுத்து அவ கையில வைக்கிறாங்க. வாங்கிட்டு, கும்பிடுறா!

அவங்க போனப்புறம் பாத்திரம் பூராத்தையும் வெளக்கிக் கவுத்தி வச்சா. அடுப்படியக் கழுவி விட்டா. பையத் தூக்கிட்டு வந்து நின்னா. "பாத்திரமெல்லாம் எண்ணிப் பாத்துக்கங்க பெரியம்மா. நான் வர்றேன்"னா. அந்த நூறு ரூபாய பஸ்ஸுக்கு எடுத்துக்கிட்டாளாம். நானும் நில்லுன்னு சொல்லல. எதுக்குச் சொல்லணும்? அதுக்கப்புறம் இந்த வாசல் மிதிக்கல. பாஸாயிட்டா, முதல் வகுப்பாம். இப்ப பேங்க்ல கிளார்க்காம். ஒம்போது மாசம் இருந்து தின்ன வீட்டுக்கு ஒரு லட்டு உண்டா? ஒரு போன் உண்டா?

இதான் பொண்ணு. இனி உங்க இஷ்டம். உங்க தம்பிய நெனைச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு.

என்னது? அவளா? அவளா உங்கள இங்க அனுப்புனா? போயி எங்க பெரியம்மாவக் கேளுங்கன்னு அவ வாயாலயே சொன்னாளா? அட... "அவங்க எதையும் விடாமச் சொல்லுவாங்க, கேட்டுட்டு முடிவு பண்ணுங்க"ன்னாளா?

பாத்தீங்களா! அவளுக்கே தெரியுது, நான் மறைச்சுப் பேசமாட்டேன்னு. எம்புட்டு இருந்தாலும் என் வளர்ப்பு, அந்த மரியாத உள்ளுக்குள்ள இருக்கும்ல. அத நீங்களும் அவகிட்டச் சொல்லுங்க, பெரியம்மா ஒண்ணும் மனசுல வச்சுக்கலன்னு. முகூர்த்தம் குறிச்சா பத்திரிகையில எங்க வீட்டுக்காரர் பேரப் பெருசாப் போடச் சொல்லுங்க, செக்ரட்டரின்னு சேத்து.

என்ன அதுக்குள்ள எந்திரிச்சிட்டீங்க? இன்னும் எதாச்சும் கேக்கணுமா? கேளுங்க.

அன்னிக்கா? அன்னிக்கு அவ சாப்பிட்டாளான்னா?

இது என்னங்க கேள்வி. சாப்பிட்டிருப்பா. பன்னெண்டு பேருக்கு ஆக்குன வீடு, ஒருத்திக்கு இல்லாமயா போயிரும்? பந்தி முடிஞ்சு நாங்க கடைசியா உக்காந்தோம், நானும் எங்க நாத்தனாரும். அப்ப அவ பரிமாறிக்கிட்டிருந்தா. அப்புறம்... வடை மூணு மிச்சம் இருந்துச்சு, அது சாயங்காலம் சரணு தின்னான். பாயசம் தூக்குல ஊத்தி அவங்க கொண்டு போயிட்டாங்க. சோறு இருந்திருக்கும்ங்க. ரசமாச்சும் இருந்திருக்கும். அவதான் வெளக்கிக் கவுத்திட்டாளே, அந்தப் பானையில என்ன மிச்சம் இருந்துச்சுன்னு இப்ப நான் எப்படிச் சொல்றது?

நில்லுங்க, வெயிலாப் போறீங்களே. காப்பி போடச் சொல்றேன். டேய் சரணு, எந்திரிடா. அவங்க போறாங்க பாரு. டேய், அன்னிக்கு அத்தை வந்தாங்கல்ல, அந்தப் புள்ள... அந்தப் புள்ள சாப்பிட்டாளாடா?